தொத்து, தொற்று, கொள்ளை, அம்மை: நோய்ச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி அறிவிப்பு, மருத்துவமனைத் துண்டறிக்கை, ஊராட்சி நோட்டீஸ் இவற்றையெல்லாம் தமிழில் திருத்திக் கொடுப்பது என் வேலை. வெயில் ஏறினால் அம்மை பற்றியும் மழை பிடித்தால் காய்ச்சல் பற்றியும் போன் வரும். ஆட்கள் மாறுவார்கள், சந்தேகம் மாறாது. அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வைத்தியம் சொல்வது என் நோக்கமில்லை, அதற்கு மருத்துவர் இருக்கிறார். ஆனால் சொல் பிசகினால் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், வேண்டாததற்குப் பயப்படுகிறோம். அதனால்தான் இத்தனை நீளம்.

தொற்றுநோய், தொத்து வியாதி, ஒட்டுவாரொட்டி, எல்லாம் ஒண்ணுதானா?

முதல் இரண்டும் ஒன்றுதான். காற்று பேச்சில் காத்து ஆவதுபோல் தொற்று தொத்து ஆகிறது. பற்றிக்கொள்வதுதான் தொற்றுதல். பேருந்துப் படியில் தொத்திக்கொண்டு போகிறோமே, அதே வினை.

ஒட்டுவாரொட்டி கொஞ்சம் குறுகிய சொல். ஒட்டிப் பழகுகிறவரை ஒட்டிக்கொள்வது என்று பொருள். தொட்டால், பக்கத்தில் இருந்தால், துண்டையும் தலையணையையும் பகிர்ந்தால் வருவதையெல்லாம் இப்படிச் சொல்லலாம்: சிரங்கு, படர்தாமரை, மெட்ராஸ் ஐ, சின்னம்மை. தொற்றுநோய் இதைவிட அகலம். கிருமி கையால் வந்தாலும், காற்று, தண்ணீர், கொசு, ஊசி எதன் வழியாக வந்தாலும் அது தொற்றுநோய்தான். ஆக, ஒட்டுவாரொட்டி எல்லாம் தொற்றுநோய். தொற்றுநோய் எல்லாம் ஒட்டுவாரொட்டி ஆகாது. இவ்வளவு துல்லியமான சொல்லைத் துண்டறிக்கையில் எழுதினால் "கொச்சையா இருக்கே" என்று அடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

பக்கத்து பெட்காரருக்கு டெங்குன்னு சொல்றாங்க. டெங்கு தொற்றுநோய்னா எனக்கும் தொத்திக்குமா?

அவரைத் தொட்டாலோ அவர் இருமினாலோ தொத்தாது. டெங்கு கிருமியால் வருவதால் அது தொற்றுநோய். ஆனால் மேலே சொன்ன கணக்கில் ஒட்டுவாரொட்டி இல்லை. நடுவில் ஏடிஸ் கொசு வேண்டும். அவரைக் கடித்த கொசு ஒரு வாரம் பத்து நாளில் கிருமியைப் பரப்பும் நிலைக்கு வந்து, பிறகு உங்களைக் கடித்தால்தான் வரும்.

டெங்கு வார்டில் பட்டப்பகலிலும் கொசுவலை கட்டியிருப்பதைப் பார்த்து, நோயாளிக்குக் கொசுத்தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த வலை நமக்காகவும்தான். அவரைக் கொசு கடிக்காமல் இருந்தால் அடுத்தவருக்குப் போகாது. ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. எழுதும்போது "டெங்கு பரவுகிறது" என்று எழுதுங்கள். "டெங்கு தொற்றிக்கொள்ளும்" என்று எழுதினால் கொசுவை விட்டுவிட்டு ஆளை விலக்குவார்கள்.

சர்க்கரை, பிரஷரை ஏன் 'தொற்றா நோய்'னு எழுதுறாங்க? அது தெரியாதா என்ன?

தெரியும். ஆனால் அரசுத் திட்டங்களுக்கு ஒரு தொகுப்புப் பெயர் வேண்டுமே. தமிழ்நாட்டில் 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு இந்தச் சொல் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. புற்றுநோயும் இந்தப் பட்டியலில்தான். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் தொற்றக்கூடியது. அதிலிருந்து உண்டாகும் புற்றுநோய் ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை.

கொள்ளைநோய்க்கும் பெருந்தொற்றுக்கும் என்ன வித்தியாசம்?

கொள்ளைநோய் பழைய சொல். ஒரு வட்டாரத்தில், குறுகிய காலத்தில், வழக்கத்தைவிட ஏராளமானவர்களைச் சாய்ப்பது. காலராவும் பிளேக்கும் அப்படித்தான் வந்தன. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியதும் வெள்ளையர் அரசு 1897இல் ஒரு சட்டம் போட்டது. 2020இல் கொரோனாவுக்கும் அதே சட்டத்தைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள். சிலர் அதைக் கொள்ளைநோய்ச் சட்டம் என்றும் சிலர் தொற்றுநோய்ச் சட்டம் என்றும் எழுதினார்கள். என்னைக் கேட்டால் முன்னதே பொருத்தம். எல்லாத் தொற்றுநோய்க்கும் அந்தச் சட்டம் தேவைப்படாது.

பெருந்தொற்று புதுவரவு. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐ உலகளாவிய பரவல் என்று அறிவித்த பிறகு நாளிதழ்கள் இதை நிலைநிறுத்தின. பல நாடுகளில் ஒரே நேரத்தில் பரவுவதைத்தான் இது குறிக்கும். எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை இல்லை. 2009இல் வந்த பன்றிக் காய்ச்சலும் பெருந்தொற்றுதான். ஒரு விடுதியில் நாற்பது பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் பெருந்தொற்று, கொள்ளைநோய் இரண்டும் வேண்டாம். "திடீர்ப் பரவல்" போதும்.

எங்க பாட்டி 'கொள்ளையில போவான்', 'பேதியில போவான்'னு திட்டும். அதுவும் இந்த நோய்தானா?

அதேதான். பேதி என்று சுருக்கமாகச் சொன்னது வாந்திபேதியை, அதாவது காலராவை. காலையில் நன்றாக இருந்த ஆள் இரவுக்குள் நீர் வற்றிச் செத்துப்போகும் நோய் அது. "கழிச்சல்ல போக" என்பதும் அதே குடும்பம். உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் வந்த பிறகு காலராச் சாவு குறைந்தது, வசவு மட்டும் தங்கிவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் பேரனைக் கொஞ்சும்போதுகூட "பேதில போவான், எப்படிச் சிரிக்கான் பாரு" என்பார்கள். அகராதியை வைத்துக்கொண்டு அங்கே சண்டைக்குப் போக முடியாது.

'அம்மை'ன்னு டாக்டர்கிட்ட சொன்னா 'எந்த அம்மை'ன்னு கேக்குறார். எத்தனை அம்மை இருக்கு?

தோலில் கொப்புளமோ தடிப்போ போட்டுக் காய்ச்சலும் சேர்ந்தால் நம் ஊரில் எல்லாம் அம்மைதான். பெரியம்மை என்கிற வைசூரி இப்போது உலகிலேயே இல்லை. இந்தியாவில் கடைசியாக 1975இல் கண்டார்கள். 1980இல் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று வீடுகளில் பார்ப்பது பெரும்பாலும் சின்னம்மை: நீர் கோத்த கொப்புளம், அரிப்பு. தட்டம்மை வேறு. அதில் கொப்புளம் இராது, மணலை வாரி இறைத்த மாதிரி சிவப்பாகப் பொரிந்திருக்கும். மணல்வாரி என்ற பெயர் அதனால்தான். கன்னமும் தாடையும் வீங்கும் பொன்னுக்குவீங்கியைத் தாளம்மை, புட்டாளம்மை என்று சொல்லும் ஊர்களும் உண்டு. அதில் தோலில் ஒன்றும் போடாது. ஆனாலும் அம்மைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். சின்னம்மை, தட்டம்மை, தாளம்மை மூன்றும் மூன்று வைரஸ். ஒன்று வந்து போனால் மற்றது வராது என்று இருந்துவிடக் கூடாது.

அம்மை என்ற பெயர் வருவதற்கு முன்னே 'குரு' என்று ஒரு சொல் இருந்தது. கண்ணகிக்குப் பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்த்து "வெப்புநோயும் குருவும்" தொடர்ந்ததாகச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. குரு என்றால் கொப்புளம். இங்கே அம்மை என்று பொருள் கொள்வார்கள். அந்தக் குருவை இன்றும் வேர்க்குருவில் வைத்திருக்கிறோம்.

அம்மைக்கு மட்டும் ஏன் 'போட்டிருக்கு', 'இறங்கிருச்சு', 'தண்ணி ஊத்தியாச்சு'ன்னு தனிப் பேச்சு?

மாரியம்மனே வந்து இறங்கியிருக்கிறாள் என்பது நம்பிக்கை. வந்தவளை நோய் என்று சொல்ல முடியுமா? அதனால் கொப்புளம் முத்து ஆகிறது. "முத்து போட்டிருக்கு" என்றால் கொப்புளம் கிளம்பியிருக்கிறது, "இறங்கிருச்சு" என்றால் வாடிவிட்டது, "தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு" என்றால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட நீரில் குளிப்பாட்டி, ஆள் எழுந்துவிட்டார். நிலைப்படியில் செருகிய வேப்பங்கொத்தைப் பார்த்ததும் வந்தவர் வாசலோடு திரும்பிவிடுவார். ஓர் எழுத்துகூட இல்லாத அறிவிப்பு அது, நாம் அச்சடிக்கும் நோட்டீஸைவிட நன்றாக வேலை செய்கிறது.

கிராமத்துக்கான அறிக்கையில் "அம்மை நோய் தாக்கியவர்கள்" என்று எழுதுவதை மாற்றி "அம்மை போட்டவர்கள்" என்று போட்டுத் தருவேன். படிக்கிறவர் முகம் சுளிக்காமல் அடுத்த வரிக்குப் போவார். அடுத்த வரிதான் முக்கியம்: பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னம்மை போட்டால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், அவர்களுக்கு அது கடுமையாகலாம். "தடுப்பூசி போட்டீர்களா" என்பது புரியாத மூத்தவர்களிடம் "அம்மை குத்தியாச்சா" என்று கேட்டால் உடனே சட்டையை ஒதுக்கிக் கையிலுள்ள தழும்பைக் காட்டுவார்கள். கிண்டியிலுள்ள கிங் நிலையம் ஒரு காலத்தில் அந்த அம்மைப்பாலை, அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்தைத் தயாரித்த இடம்.

யாழ்ப்பாணத்துத் தோழி குழந்தைக்குச் 'சின்னமுத்து' ஊசி போட்டேன் என்கிறாள். சின்னம்மைக்கா?

இல்லை. இலங்கையில் சின்னமுத்து என்றால் நாம் சொல்லும் தட்டம்மை. நம் சின்னம்மைக்கு அங்கே கொப்புளிப்பான் என்று பெயர். இரண்டிலும் 'சின்ன' இருப்பதால் இந்தக் குழப்பம் எனக்கு மாதம் ஒருமுறையாவது வரும்.

ஊசி அட்டையை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு இன்னும் சில: அங்கே கூகைக்கட்டு, இங்கே பொன்னுக்குவீங்கி. அங்கே குக்கல், இங்கே கக்குவான் இருமல். அங்கே ஏற்புவலி, இங்கே ரணஜன்னி (டெட்டனஸ்). அங்கே நெருப்புக் காய்ச்சல், இங்கே டைபாய்டு. நெருப்புக் காய்ச்சல் எவ்வளவு நல்ல பெயர்! நாம் ஏன் அதை எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரியவில்லை. இரு நாட்டாரும் படிக்கும் அறிக்கை என்றால் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவதுதான் வழி.

அக்கி ஒட்டுவாரொட்டியா?

இதற்கு ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னம்மை வந்து போன பிறகு அதன் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் படுத்துக்கிடக்கும். வயதாகும்போதோ எதிர்ப்புச் சக்தி தளரும்போதோ எழுந்து, அந்த நரம்பு போகும் பாதையில் பட்டையாகக் கொப்புளம் போடும். முதுகிலிருந்து விலாவைச் சுற்றிப் பாதியோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்கி உள்ளவரிடமிருந்து உங்களுக்கு அக்கி வராது. ஆனால் உங்களுக்குச் சின்னம்மை வந்ததே இல்லை, தடுப்பூசியும் போடவில்லை என்றால், கொப்புள நீர் பட்டுச் சின்னம்மை வரலாம்.

வேளார் வீட்டில் காவியைக் குழைத்து அக்கி எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வைரஸை அடக்கும் மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்பதால், எழுதப் போகிற வழியில் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் அன்றைக்கே.

'தொண்டை அடைப்பான்' பரவுதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. மாட்டுக்கா, பிள்ளைகளுக்கா?

நோட்டீஸ் ஒட்டியது கால்நடைத் துறையா, சுகாதாரத் துறையா என்று பார்க்க வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு வரும் தொண்டை அடைப்பான் என்பது டிப்தீரியா. மாட்டுக்குச் சொல்லும் தொண்டை அடைப்பான் வேறு பாக்டீரியாவால், பெரும்பாலும் மழைக்காலத்தில் வருவது. வெறும் 'அடைப்பான்' என்றால் ஆந்த்ராக்ஸ். அது மாட்டிடமிருந்து, செத்த மாட்டின் தோலிலிருந்துகூட, மனிதனுக்கு வரும். ஒரே ஊரில் மூன்றும் காதில் விழலாம். அதனால் மக்களுக்கான அறிக்கையில் 'டிப்தீரியா' என்ற பெயரையும் சேர்க்கச் சொல்லி அடம்பிடிப்பேன். கோமாரி, வெக்கை இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை. அவை கால்நடைக்கு மட்டுமே வழங்கும் பெயர்கள். வெக்கை நோய் 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்தது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்துக்கட்டியது அது ஒன்றுதான்.

மஞ்சக்காமாலை தொத்துமா?

காமாலை ஒரு அறிகுறி. கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவதற்குப் பித்தப்பைக் கல்லும் காரணமாகலாம், சாராயமும் ஆகலாம். அவை தொத்தா. கல்லீரல் அழற்சி வைரஸ்களில் ஏ, ஈ இரண்டும் கெட்ட தண்ணீரிலும் உணவிலும் வரும். பி, சி இரத்தத்தின் வழியாக வரும். "எந்தக் காமாலை" என்று கேட்காமல் பதில் இல்லை.

மெட்ராஸ் ஐ கண்ணைப் பார்த்தாலே வருமாமே? அதுக்கு ஏன் நம்ம ஊர் பேரு?

பார்த்தால் வராது. கண்ணைக் கசக்கிய கையால் கதவுப்பிடியைத் தொட்டு, அதை நீங்கள் தொட்டு, உங்கள் கண்ணைக் கசக்கினால் வரும். கறுப்புக் கண்ணாடி வெளிச்சம் கண்ணைக் கூசாமல் இருக்கத்தான். தனித் துண்டும் சோப்பும்தான் தடுப்பு.

1918 வாக்கில் எழும்பூர் கண் மருத்துவமனையில் இதைக் கண்டறிந்து எழுதியதால் இந்தப் பெயர் என்பார்கள். 1971இல் வங்கதேச அகதிகள் வந்தபோது பரவிய இதே கண்வலியைக் கல்கத்தாவில் 'ஜெய் பங்களா' என்றார்கள். நோய்க்கு அடுத்தவன் பெயரை வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. 1918இன் ஸ்பானிஷ் காய்ச்சல் ஸ்பெயினில் தொடங்கியதாகச் சான்றில்லை. போரில் சேராத ஸ்பெயினில் பத்திரிகைத் தணிக்கை இல்லாததால் செய்தி அங்கிருந்து வெளிவந்தது. நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்தது என்று சிபிலிஸ் நோய்க்குப் 'பறங்கிப்புண்' என்று பெயர் வைத்து, அதற்குக் கொடுத்த மருந்தைப் பறங்கிப்பட்டை என்றார்கள். புது நோய்களுக்கு ஊர், இனம், விலங்கின் பெயர் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டுதல் கொடுத்தது. மெட்ராஸ் ஐ பழைய பெயர், பிழைத்துக்கொண்டது.

பன்றிக் காய்ச்சல்னா பன்றிக்கறி சாப்பிடக் கூடாதா? எலிக்காய்ச்சலுக்கு எலி கடிக்கணுமா?

நன்றாக வெந்த கறியால் பன்றிக் காய்ச்சல் வராது. அது ஆளுக்கு ஆள் இருமலிலும் தும்மலிலும் பரவுவது. எலிக்காய்ச்சலுக்கு எலி கடிக்க வேண்டியதில்லை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் புண்ணுள்ள காலோடு நடந்தால் போதும். வெள்ளம் வடிந்த பிறகு அதிகமாவது அதனால்தான். விலங்கின் பெயர் எப்படி வழிதவற வைக்கும் என்பதற்கு இவை இரண்டும் போதும். 'மர்மக் காய்ச்சல்' என்றொரு நோய் கிடையாது. பரிசோதனை முடிவு வரும்வரை நிருபர்கள் வைக்கும் பெயர் அது.

குஷ்டம்னு எழுதலாமா? தொழுநோய் புதுசா உண்டாக்கின பேரா?

எழுத வேண்டாம். நோயைச் சொல்ல வந்த சொல் ஆளை ஏசும் சொல்லாகிவிட்டது. தொழுநோய் புதியதும் அல்ல; அப்பர் தேவாரத்திலேயே 'தொழுநோயர்' வருகிறார். "தொழுநோயாளி" என்பதற்குப் பதில் "தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்" என்று எழுதினால் இன்னும் நல்லது. மெதுவாகப் பரவும் நோய் இது, கூட்டு மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குப் பரவாது. ஆறின பிறகும் விரல் மடங்கியே இருக்கலாம், நோய் போயிருக்கும். ஆறியவரை வாழ்நாள் முழுக்க நோயாளி என்பது பொய்.

காசநோய்க்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. எலும்புருக்கி, சயரோகம் என்ற பெயர்களே ஆள் பிழைக்க மாட்டார் என்று தீர்ப்புச் சொல்லின. ஊருக்கு வெளியே சானடோரியத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ரயில் நிலையத்தின் பெயராகவே அது நிற்கிறது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பதற்கு இணையாகக் குணமாகும், வீட்டாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று 1959இல் சென்னையில் நடந்த ஆய்வுதான் உலகுக்குக் காட்டியது. இன்றும் டிபி என்றதும் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிறார்கள். அது காற்றில் வருவது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், தட்டை விடுங்கள்.

தனிமைப்படுத்தல்னா நோய் வந்தவரையா, வராதவரையா?

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டோம். நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஒன்று. நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, நன்றாக இருப்பவரைக் குறித்த நாள் வரை தடுத்து வைப்பது இன்னொன்று. வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்தது இரண்டாவது வகை. முதலாவதற்குத் 'தனிமைப்படுத்தல்', இரண்டாவதற்குத் 'தடுத்துக் கண்காணித்தல்' என்று நான் எழுதுகிறேன். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் படிப்பவருக்குப் புரிகிறது.

'சமூக இடைவெளி'ன்னு எழுதினதுக்கு ஏன் சண்டை வந்துச்சு?

சமூகம் என்ற சொல் இங்கே சாதியையும் குறிக்கும். தொற்றுக்கும் தீட்டுக்கும் வித்தியாசம் தெரியாதது போல் நூற்றாண்டுகளாக மனிதரை எட்ட நிறுத்திய ஊரில் அந்தத் தொடர் உறுத்தியது சரிதான். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் உடல் இடைவெளி என்ற பொருள்தரும் தொடருக்கு மாறியது. 'தனிநபர் இடைவெளி', 'ஆறடி இடைவெளி' எதுவானாலும் சரி.

'தொற்றாளர்'னு போடுறாங்களே, அவர் நோயாளியா?

எப்போதும் இல்லை. கிருமி உடம்பில் இருப்பது தொற்று. அதனால் உடம்பு கெடுவது நோய். காசநோய்க் கிருமி உள்ளே அடங்கிக்கிடக்கும் பலருக்கு இருமலே இருக்காது, அவர்களிடமிருந்து பரவவும் பரவாது. எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் எய்ட்ஸ் இல்லை. சென்னையில் 1986இல் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறிந்த நாளிலிருந்து பத்திரிகைகள் இரண்டையும் போட்டுக் குழப்பி வருகின்றன. கொரோனாவில் அறிகுறியே இல்லாத தொற்றாளர் நோயைப் பரப்பவும் செய்தார். ஆக 'தொற்றாளர்' என்றால் கிருமி இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பரப்புவாரா என்பது நோய்க்கு நோய் வேறு.

'உற்சாகம் தொற்றிக்கொண்டது'ன்னு எழுதலாமா? நோய்ச் சொல்லாச்சே!

தாராளமாக. 'தொற்று' என்பது நோயைக் குறிப்பதற்கு முன்பே இருந்த சொல். கொட்டாவிகூடத் தொற்றும்.

பள்ளிக்கூட லீவ் லெட்டரில் 'அம்மை' என்று எழுதினால் போதாதா?

போதாது. சின்னம்மை என்றால் கொப்புளம் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரவும், எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவும். தட்டம்மை என்றால் தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, வந்து நான்கு நாள் வரை. பள்ளிக்குத் தேதியும் வகையும் தெரிந்தால்தான் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று பார்க்க முடியும். வகுப்பாசிரியர் கர்ப்பமாக இருந்தால் அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.

இப்படி எழுதுங்கள்: "என் மகளுக்கு 4ஆம் தேதியிலிருந்து சின்னம்மை போட்டிருக்கிறது. 3ஆம் தேதி வரை பள்ளிக்கு வந்திருக்கிறாள். கொப்புளங்கள் முழுதும் பொருக்குத் தட்டியதும் அனுப்புகிறோம்." தண்ணீர் ஊற்றும் நாளையும் சேர்க்க விரும்பினால் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும்.